ஏழு மணிக்கு எழுந்து நின்ற கார்

"செத்த பாம்பு படம் எடுக்குமா மேடம்? இங்க எடுத்திருக்கு. உடனே வாங்க!"

காலை எட்டரை மணிக்கு ஏலக்காரர் போனில் இப்படிக் கத்தியபோது, சர்வேயரம்மா ஒரு தட்டையும் ஒரு டம்ளரையும் கழுவிக் கவிழ்த்துக்கொண்டிருந்தார். அந்த வீட்டில் கழுவுவதற்கு அதற்குமேல் பாத்திரம் விழுவதில்லை. சாப்பாட்டு மேஜைக்கு இரண்டு நாற்காலிகள் உண்டு. ஒன்றில் அவர் உட்காருவார். இன்னொன்றில் உட்கார ஆள் இல்லாததால் பழைய பேப்பர் ஏறி உட்கார்ந்துவிட்டது.

இருபத்தேழு வருஷம் இன்ஷூரன்ஸ் கம்பெனிக்காக நசுங்கிய கார்களைப் பார்த்து, யார் மேல் தப்பு என்று எழுதிக் கொடுத்தவர். ஓய்வு பெற்ற பிறகு துப்பறிய வந்துவிட்டார். மனிதர்கள் அவரிடம் அதிகம் பேசியதில்லை, கார்கள் பேசியிருக்கின்றன. அதனால் பெரிய வருத்தம் இல்லை என்று அவரே அவ்வப்போது சொல்லிக்கொள்வார். சொல்லிக்கொள்ள வேண்டியிருந்தது என்பதுதான் விஷயம்.

வாசலில் ஸ்கூட்டர் ஹாரன் அடித்தது. உதவியாளன் கண்டக்டர் வந்துவிட்டான். நிஜமாகவே பஸ் கண்டக்டராக இருந்தவன். வேலையை விட்டான், விசிலை விடவில்லை. இன்னமும் சட்டைப் பையில் அது இருக்கிறது.

"ஏறுங்கக்கா, உள்ள நகர்ந்து உட்காருங்க, சில்லறையா குடுங்க" என்றான், வழக்கம்போல.

---

ஏலக் கூடத்தில் ஏழு பிரெஞ்சுக் கார்கள் வரிசையாக நின்றன. எல்லாம் ஒரு பல் டாக்டர் வாழ்நாள் முழுக்கச் சேர்த்தவை. நான்கு மாதத்துக்கு முன் அவர் இறந்துபோனார். அவர் மனைவி மறுமாதமே ஏலத்துக்குக் கையெழுத்துப் போட்டுவிட்டார்.

"இது என்னக்கா, தகர டப்பாவுக்கு நாலு சக்கரம் வெச்சு மேல குடையைக் கவுத்த மாதிரி?" என்றான் கண்டக்டர், முதல் காரைப் பார்த்து.

"அதுக்குத்தான் இன்னிக்குப் போட்டியே" என்றார் ஏலக்காரர். நல்ல உடம்பு, நல்ல குரல், நெற்றியெல்லாம் வியர்வை. அவர்களை நான்காவது காரின் முன்னால் கொண்டுபோய் நிறுத்தினார்.

கறுப்பு சிட்ரோன் டி.எஸ். நீண்ட மூக்கு, தாழ்ந்த வால். ஐம்பது வயதுக்கு மேல் ஆன வண்டி. இந்த ரகத்துக்கு ஒரு குணம் உண்டு. சஸ்பென்ஷனில் ஸ்பிரிங் கிடையாது, எண்ணெயும் காற்றும்தான். இன்ஜினைப் போட்டால் வண்டி மெல்ல எழுந்து நிற்கும். நிறுத்தினால் எண்ணெய் அழுத்தம் குறையக் குறைய, சில மணி நேரத்தில் வயிறு தரையைத் தொடுகிற மாதிரி படுத்துவிடும்.

"மூணு மாசமா தரையோட தரையா கிடந்தது மேடம். எங்க மெக்கானிக் சாவியைப் போட்டுத் திருகித் திருகிப் பாத்துட்டு, இன்ஜின் செத்துப்போச்சுன்னு எழுதிக் குடுத்தான். காட்டலாக்ல 'ஓடாத வண்டி'ன்னு அச்சடிச்சாச்சு. ஆனா மூணு நாளா தினமும் காலையில நான் வந்து பாக்கறப்போ எழுந்து நிக்குது! மதியத்துக்குள்ள படுத்துக்குது. ரெண்டு சாவியும் என் மேஜை டிராயர்ல, டிராயர் சாவி என் இடுப்புல."

"காவலாளி?"

ஏலக்காரர் வாசல் பக்கம் கையைக் காட்டினார். கேட்டை ஒட்டிய சின்ன அறை வாசலில் காவலாளி நின்றிருந்தான். ஐம்பது வயதிருக்கும். அந்த அறைதான் அவனுக்கு வீடு. கொடியில் ஒரே ஒரு சட்டை காய்ந்துகொண்டிருந்தது.

"வாயைத் திறக்க மாட்டேங்கறான். காசு வாங்கிட்டு எவனையோ உள்ள விடறான். பதினோரு மணிக்கு ஏலம். இந்த வண்டி நாலாவது. அதுக்குள்ள யாருன்னு தெரியலைன்னா இவனைப் போலீஸ்ல ஒப்படைச்சுடுவேன். வேலையும் போகும், அறையும் போகும். சொல்லிட்டேன்."

"வண்டியை ஏலத்துலேர்ந்து எடுத்துட்டா?"

"எடுக்கறதுன்னா உரிமைக்காரம்மா எடுக்கணும். அதுவும் முதல் கேள்வி விழறதுக்கு முன்னால. கூட்டத்துல ஒருத்தர் விலை கேட்டுட்டா, அப்புறம் ஆண்டவனே வந்தாலும் வாபஸ் கிடையாது. அந்தம்மா எங்க எடுக்கப் போறாங்க? இந்த வண்டியை அவங்க கூப்பிடற பேரே 'சக்களத்தி'."

சர்வேயரம்மா கைப்பையிலிருந்து அளவு நாடாவை எடுத்தார். கதவுக்குக் கீழே தரையிலிருந்து எவ்வளவு உயரம் என்று அளந்தார். கடிகாரத்தைப் பார்த்தார், மணி ஒன்பது. பிறகு ஒரு ஸ்டூலை இழுத்துப் போட்டுச் சும்மா உட்கார்ந்துவிட்டார்.

"அக்கா, துப்பறியணும்" என்று நினைவூட்டினான் கண்டக்டர்.

"அறிஞ்சுக்கிட்டுதான் இருக்கேன்."

ஒன்பது இருபதுக்கு மறுபடி அளந்தார். ஒரு விரற்கடை இறங்கியிருந்தது.

"இருபது நிமிஷத்துக்கு ஒரு விரல். இந்த ரக வண்டி நிமிர்ந்து நின்னா எவ்வளவு உயரம்னு எனக்கு மனப்பாடம். நான் முதல்ல அளந்தப்போ ஆறு விரல் இறங்கியிருந்தது. ஒன்பதுலேர்ந்து பின்னால கணக்குப் போடு."

கண்டக்டர் விரல் விட்டான். "ஏழு மணி! அடப்பாவி, பஸ் ஸ்டாண்டு கடிகாரம்கூட இவ்வளவு சரியா காட்டாதே!"

ஏழு மணி என்றதும் வாசலில் நின்ற காவலாளி தலையைக் குனிந்துகொண்டதைச் சர்வேயரம்மா பார்த்தார்.

ஏலக்காரரிடம் சாவியை வாங்கிக் கதவைத் திறந்தார். ஓட்டுகிறவர் சீட் கடைசிப் பல் வரைக்கும் முன்னால் இழுக்கப்பட்டிருந்தது. சர்வேயரம்மா நல்ல உயரம். உள்ளே நுழைந்து உட்கார்ந்ததும் முழங்கால் முகவாயை இடித்தது.

"டாக்டர் எவ்வளவு உயரம்?"

"அவரா? கதவுல குனிஞ்சுதான் வருவார்."

"அப்போ இதை இழுத்தது குள்ளமான ஆள்." டேஷ்போர்டின் மேல் ஒரு காம்பில் பொருத்தியிருந்த கண்ணாடியைப் பார்த்தார். அதில் பின்னால் வரும் சாலை தெரிய வேண்டும். கூரைத் துணிதான் தெரிந்தது. திருப்பலாமா என்று விரலை வைத்தவர் நிறுத்திக்கொண்டார். காம்பும் திருகும் சேருகிற இடத்தில் பச்சைக் களிம்பு கட்டியிருந்தது. எங்கும் விரிசல் இல்லை. பல வருஷமாக அதை யாரும் திருப்பவே இல்லை. விசித்திரம்தான், ஆனால் வந்துபோன ஆளுக்கும் இதற்கும் சம்பந்தம் இல்லை என்று அதை அப்போதைக்கு ஒதுக்கினார்.

சாவித் துவாரத்துக்குக் கீழே, பளபளப்பான பலகையில், அரைவட்டமாக மெல்லிய கீறல்கள் தெரிந்தன. புத்தம் புதுசு.

"கண்டக்டர், இது என்ன?"

"சாவி உரசினது."

"ஒத்தைச் சாவி இவ்வளவு கீழ வரைக்கும் தொங்காது. இது கொத்து. கனமான கொத்து. இன்ஜின் போட்டதும் வண்டி எழறப்போ ஆடி ஆடி உரசியிருக்கு. கார் திருடன் எவனாவது பீரோ சாவி, ஸ்டோர் ரூம் சாவியெல்லாம் கோத்து எடுத்துட்டு வருவானா?"

"வீடு மாத்தற திருடனா இருப்பான்" என்றான் கண்டக்டர்.

சர்வேயரம்மா சாவியைத் திருகினார். சத்தமே இல்லை. "பாத்தீங்களா? செத்த வண்டி" என்றார் ஏலக்காரர். சர்வேயரம்மா ஸ்டியரிங்குக்குப் பின்னால் நீட்டிக்கொண்டிருந்த மெல்லிய கியர்க் கம்பியை இடது பக்கம் தள்ளினார். இன்ஜின் உறுமியது. முதலில் வால் எழுந்தது, பிறகு மூக்கு. தூக்கத்திலிருந்து எழுகிற பசு மாதிரி வண்டி நிமிர்ந்தது.

ஏலக்காரர் வாயில் ஈ போனாலும் தெரிந்திருக்காது.

"இந்த மாடல்ல சாவி சும்மா கரண்டைத்தான் விடும். ஸ்டார்ட் பண்றது கியர்க் கம்பி. உங்க மெக்கானிக்குக்குத் தெரியல. டாக்டர் வேற யாரையாவது இதை ஓட்ட விடுவாரா?"

"தொடவே விடமாட்டார்!"

இன்ஜினை நிறுத்திவிட்டு இறங்கிக் காரை ஒருமுறை சுற்றி வந்தார் சர்வேயரம்மா. பழக்கதோஷம். பின்பக்கம் வந்ததும் நின்றார். முன்புறம் ஒரு கீறல்கூட இல்லாத வண்டி, பின் பம்பரில் மட்டும் நசுங்கி நசுங்கி இருந்தது. எண்ணினார். பதினொன்று. மற்ற ஆறு கார்களின் பின்பக்கத்தையும் போய்ப் பார்த்தார். எல்லாம் பிறந்த குழந்தை மாதிரி சுத்தம்.

"டாக்டருக்கு ரிவர்ஸ் எடுக்க வராது போல" என்றான் கண்டக்டர்.

"மத்த ஆறு வண்டிக்கு வந்திருக்கே."

இதற்கும் பதில் கிடைக்கவில்லை. மணி ஒன்பதே முக்கால் ஆகியிருந்தது.

---

காவலாளி ஒரே வரியைத் திரும்பத் திரும்பச் சொன்னான். "ஏழு மணிக்குப் பின்பக்கம் போய்த் தண்ணி மோட்டாரைப் போடுவேன். டேங்க் நிறைய அரை மணி ஆகும். அந்தச் சத்தத்துல எனக்கு எதுவும் கேக்காது."

"வண்டியோட பூட்டு உடையல. ஆனா கூடத்துப் பூட்டை நீங்கதானே திறக்கணும்?"

அவன் கொடியில் தொங்கிய சட்டையைப் பார்த்தான். "என்னை வேணா போலீஸ்ல குடுங்க. நான் யாரையும் பாக்கல."

"காசுக்கு வாயை மூடறவங்க பயப்படுவாங்க. நீங்க பயப்படலையே. யாரோட மானத்துக்கோ காவல் நிக்கறீங்க. சரி, அந்த வேலையை நல்லா பாக்கறீங்க" என்று சொல்லிவிட்டு நடந்தார் சர்வேயரம்மா.

ஸ்கூட்டர் கிளம்பியதும் கண்டக்டர் கேட்டான். "எந்த ஸ்டாப்புக்கா?"

"டாக்டர் வீடு. குள்ளமான ஆள், வீட்டுச் சாவிக்கொத்து, கியர்க் கம்பியில ஸ்டார்ட் ஆகும்னு பாத்துப் பாத்தே தெரிஞ்சுக்கிட்ட கண்ணு. வேற யாரு?"

"டாக்டரம்மாவா? அவங்களுக்கு அந்த வண்டின்னாலே ஆகாதே! சக்களத்தின்னு திட்டறாங்களாம்!"

"சக்களத்தியைப் பத்தி மூத்தாளை விட யாருக்குத் தெரியும்?"

---

டாக்டரம்மா குள்ளமாக, ஒல்லியாக, முதுகை நேராக வைத்துக்கொண்டு கதவைத் திறந்தார். இடுப்பில் சாவிக்கொத்து. பெரிய வீடு. கூடத்தில் பன்னிரண்டு பேர் உட்காரலாம், ஒரு சோபாவின் ஒரு ஓரம் மட்டும் பள்ளமாகியிருந்தது. சர்வேயரம்மாவுக்கு அந்தப் பள்ளம் புதிதில்லை. அவர் வீட்டு நாற்காலியிலும் அது உண்டு.

சுற்றி வளைக்காமல் சொன்னார். "உங்களைப் பிடிக்க வரலைங்க. நீங்க தினமும் காலையில ஏழு மணிக்கு வந்துபோனதுக்குக் காவலாளியைப் போலீஸ்ல குடுக்கப் போறாங்க. அவர் உங்க பேரைச் சொல்ல மாட்டேங்கறார்."

டாக்டரம்மா மறுக்கவில்லை. கொஞ்ச நேரம் கொத்திலிருந்த சாவிகளை ஒவ்வொன்றாக நகர்த்தினார். நாலாவது சாவியில் விரல் நின்றது.

"கல்யாணம் ஆன வருஷம் வாங்கின வண்டி. ஒரு சாவியை என்கிட்ட குடுத்தார். ஓட்டச் சொல்லித் தரலை. சாவி மட்டும் இருந்தது. ஏலக்காரர் கேட்டப்போ ரெண்டு சாவியைக் குடுத்தேன். இதைக் குடுக்க மறந்துபோச்சு." பிறகு தலையை ஆட்டினார். "இல்ல, மறக்கல."

"எதுக்குப் போனீங்க?"

"அப்படி என்னதான் இருக்கு அதுலன்னு பாக்கத்தான்!" குரல் சட்டென்று உயர்ந்தது. "முப்பத்தோரு வருஷம். ஞாயித்துக்கிழமை ஆனா அந்த வண்டியைத் துடைப்பார், தடவுவார், அதோட பேசுவார். என்கிட்ட பேச வார்த்தை இருக்காது. செத்த அன்னிக்குக் காலையிலகூட எண்ணெய் மாத்தணும்னுதான் சொன்னார். அதுதான் கடைசி வார்த்தை. வித்துத் தொலைச்சா மனசு ஆறும்னு நெனச்சேன். ஆறலை. அவர் சீட்டுல உட்கார்ந்து, அவர் பண்ற மாதிரியே ஸ்டார்ட் பண்ணேன். அது எழுந்து நின்னுது. அவ்வளவுதான். எனக்குன்னு ஒன்னும் இல்லை அதுல."

"வண்டியில எங்கயாவது போறப்போ அவர் பக்கத்துல உட்காருவீங்களா?" என்று சர்வேயரம்மா கேட்டார்.

"அதுக்கும் குடுத்து வைக்கல. பக்கத்துச் சீட்டுல எப்பவும் ஸ்பேனர் பெட்டி, ஏதாவது ஒரு உதிரிப் பாகம். நான் பின்னாடி, எதிர்ப்பக்க மூலை. அவர் பிடரியைப் பாத்துக்கிட்டு எத்தனை தூரம் போறது? ஜன்னலையே பாத்துக்கிட்டு வருவேன். அவரோ ஒழுங்கா ரிவர்ஸ்கூட எடுக்க மாட்டார். சுவத்துல, தூண்ல, குப்பைத் தொட்டியில இடிப்பார். இடிச்சுட்டு எறங்காம அப்படியே உட்கார்ந்திருப்பார்."

சர்வேயரம்மா எழுந்துவிட்டார். மணி பத்தரை. "வாங்க. உங்களுக்கு ஒன்னு காட்டணும்."

"அந்தக் காவலாளிக்காக வரேன். சக்களத்திக்காக இல்ல" என்றார் டாக்டரம்மா, செருப்பை மாட்டிக்கொண்டே.

---

கூடம் நிறைந்திருந்தது. முதல் கார், அந்தக் குடைக் கார், போய்க்கொண்டிருந்தது. மேடையிலிருந்த ஏலக்காரர் இவர்களைப் பார்த்துக் கண்ணால் கேட்டார். சர்வேயரம்மா கையைக் காட்டிப் பொறுக்கச் சொன்னார்.

நான்காவது கார் சுவரோரம் நின்றது. கதவைத் திறந்து ஓட்டுகிறவர் சீட்டைப் பின்னால் தள்ளினார். தரை விரிப்பில் தேய்ந்து பழகிய ஒரு தடம் இருந்தது. சீட் அங்கே போய்ச் சொந்த இடத்தில் உட்கார்ந்த மாதிரி நின்றது. அதன்மேல் ஏலக் காட்டலாக்குகளை அடுக்கி, டாக்டரம்மாவை ஏறி உட்காரச் சொன்னார். "இதுதான் அவர் உயரம். கண்டக்டர், நீ பின்னாடி எதிர்ப்பக்க மூலையில உட்காரு."

"டிக்கெட் எடுத்தாச்சுக்கா" என்று முணுமுணுத்தபடி அவன் ஏறினான்.

இரண்டாவது கார் விற்றது. கூட்டத்தில் கைதட்டல்.

"இப்போ நிமிர்ந்து அந்தக் கண்ணாடியைப் பாருங்க. யாரு தெரியறா?"

"இந்தத் தம்பி."

"சாலை தெரியுதா?"

"இல்ல. இந்தத் தம்பி முகம் மட்டும்தான்." சொல்லிவிட்டு டாக்டரம்மா நிறுத்தினார். "அங்க நான்தான் உட்காருவேன்."

"அந்தக் காம்புல பச்சைக் களிம்பு கட்டியிருக்கு பாருங்க. பல வருஷமா யாரும் திருப்பலை. மத்த ஆறு வண்டியிலயும் ஒழுங்கா ரிவர்ஸ் எடுத்த மனுஷன், இதுல மட்டும் பதினோரு தடவை இடிச்சிருக்கார். எனக்கு அது காலையிலேர்ந்து உறுத்திக்கிட்டே இருந்தது. நீங்க எங்க உட்காருவீங்கன்னு சொன்னப்புறம்தான் விளங்குச்சு. இருபத்தேழு வருஷம் விபத்துக்குக் காரணம் எழுதியிருக்கேங்க. இந்தப் பதினொன்னுக்கும் ஒரே காரணம்தான். ஓட்டுனவர் பின்னால வந்த சாலையைப் பாக்கல."

கண்ணாடிக்குள் கண்டக்டரின் முகம் அசையாமல் இருந்தது.

டாக்டரம்மா அழவில்லை. ஸ்டியரிங்கை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டார். "கண்ணாடியில அவருக்கு நான் தெரிஞ்சா, எனக்கும் அவர் தெரிஞ்சிருப்பார் இல்லையா?"

"தெரிஞ்சிருப்பார்."

"ஒரு தடவை நிமிர்ந்து பாத்திருந்தா போதும். நான் ஜன்னலையே பாத்துக்கிட்டு வந்தேன். முப்பத்தோரு வருஷம் வீம்பா ஜன்னலையே பாத்தேன்."

"மூணாவது வண்டி, ஒரு தரம்... ரெண்டு தரம்... மூணு தரம்!" சுத்தியல் விழுந்தது. "அடுத்து ஏல எண் நான்கு! கறுப்பு சிட்ரோன்! கேட்கலாம்!"

முன்வரிசையில் ஒருவர் தொண்டையைச் செருமிக்கொண்டு கையை உயர்த்தப் போனார். அதே நேரம் கூடமே திரும்பிப் பார்க்கிற மாதிரி ஒரு விசில் பறந்தது. கண்டக்டர் பின் ஜன்னலிலிருந்து தலையை நீட்டியிருந்தான்.

"ஓல்டான்! ஆள் இறங்கணும்!"

டாக்டரம்மா இறங்கினார். சின்ன உருவம், ஆனால் குரல் கடைசி வரிசைக்கும் கேட்டது. "தினமும் காலையில வந்து இந்த வண்டியை ஸ்டார்ட் பண்ணது நான். காவலாளிக்கு என் நிலைமை புரிஞ்சு கதவைத் திறந்தார், அவர் மேல ஒரு தப்பும் இல்ல. அவர் வேலையில யாரும் கை வைக்கக் கூடாது. இன்னும் யாரும் விலை கேக்கல. வண்டியை நான் எடுத்துக்கறேன்."

"அம்மா, நீங்கதானே சக்களத்தின்னு..." என்று இழுத்தார் ஏலக்காரர்.

"சொன்னேன். தப்பா சொல்லிட்டேன்" என்றார் டாக்டரம்மா.

வாசலில் நின்ற காவலாளி போய் இரண்டு கேட்டையும் அகலத் திறந்துவிட்டான்.

---

ஓட்ட ஆள் வேண்டுமே. கண்டக்டருக்குத் தெரிந்தது விசில் மட்டும்தான். சர்வேயரம்மா காட்டலாக்குகளை எடுத்துவிட்டு ஏறினார். அவர் உயரத்துக்கு டாக்டரின் சீட் அளவெடுத்த மாதிரி பொருந்தியது. டாக்டரம்மா பின்னால், தன் மூலையில்.

கியர்க் கம்பியைத் தள்ளியதும் வண்டி எழுந்து நின்றது. சர்வேயரம்மா கண்ணாடியைப் பார்த்தார். டாக்டரம்மாவின் முகம் முழுசாகத் தெரிந்தது. அவர் ஜன்னல் பக்கம் திரும்பவே இல்லை, நிமிர்ந்து நேராகக் கண்ணாடியைப் பார்த்துக்கொண்டிருந்தார். அதில் தெரிந்தது சர்வேயரம்மாவின் கண்கள்தான். வேறு யாருமில்லை என்பது இருவருக்கும் தெரியும். ஆனாலும் சர்வேயரம்மா கண்ணை எடுக்கவில்லை. தன்னை இப்படி ஒருவர் பார்த்துக்கொண்டே இருந்து எத்தனை வருஷம் ஆயிற்று என்று எண்ணிப் பார்த்தார். கணக்கு வரவில்லை.

"உங்களுக்குச் சாலை தெரியணும்னா கண்ணாடியைத் திருப்பிக்குங்க" என்றார் டாக்டரம்மா, மெதுவாக.

"வேண்டாம். ரிவர்ஸ்தானே, பின்னாடி கண்டக்டர் பாத்துக்குவான்."

"வரலாம்... வரலாம்... இன்னும் வரலாம்..." வெளியே அவன் பஸ்ஸுக்கு இடம் காட்டுகிற தோரணையில் கையை ஆட்டினான். காருக்கு இடம் காட்டி அவனுக்குப் பழக்கமில்லை. இந்த வண்டியின் வால் அவன் நினைத்ததை விட நீளம்.

டங்.

கேட்டுத் தூண். வண்டி நின்றது. கண்டக்டர் விசிலை வாயில் வைத்தபடி சிலையாகிவிட்டான். சர்வேயரம்மா இறங்கிப் பார்க்கவில்லை. அப்படியே உட்கார்ந்து கண்ணாடியைப் பார்த்தார்.

டாக்டரம்மாவின் கண் நிறைந்து வழிந்துகொண்டிருந்தது. ஆனால் உதடு சிரித்தது.

"பன்னெண்டு" என்றார்.